மைக் கத்தாமல் இருக்க ஒரு 31 பேண்ட்: ரேக் ஈக்வலைசர் பார்த்து வாங்குவது எப்படி

சவுண்ட் சர்வீஸ் புதிதாகத் தொடங்கும் பையன்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, பாட்டு நல்லா எடுபடணும், எந்த ஈக்யூ வாங்கலாம்?" பாட்டு எடுபட வேண்டும் என்பதற்காக ஈக்வலைசர் வாங்காதே என்பதுதான் என் முதல் பதில். பென் டிரைவில் ஓடும் பாட்டை ஸ்டுடியோவில் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்துதான் வெளியே விட்டிருக்கிறார். ஸ்பீக்கர் பாக்ஸ் ஓரளவு ஒழுங்காக இருந்தால் மிக்சரில் இருக்கும் பேஸ், ட்ரெபிள் திருகிகளே அதற்குப் போதும். கிராபிக் ஈக்வலைசர் என்பது சத்தத்தைச் சுருதிவாரியாகப் பல துண்டாக (பேண்ட்) பிரித்து, துண்டுக்கு ஒரு ஸ்லைடர் வைத்து ஏற்றி இறக்கும் மெஷின். ரேக்கில், அதாவது மெஷின்களை அடுக்கும் சட்டத்தில், ஏறும் இது தன் விலையைச் சம்பாதித்துத் தருவது மைக்கில்தான். தலைவர் பேச எழுந்து வாயைத் திறந்ததும் மைக் விசில் அடிக்கிறது. பந்தல் மொத்தமும் திரும்பி உங்களைப் பார்க்கிறது. அரை இருட்டில் உங்கள் கை எந்த ஸ்லைடருக்குப் போகும், எவ்வளவு சீக்கிரம் போகும்? இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு மெஷினைப் பாருங்கள். விளம்பரத் தாளில் உள்ள பாதி விஷயம் தானாகவே உதிர்ந்துவிடும்.

நான் சொல்வதெல்லாம் கும்பகோணம் பக்கத்து வேலையை வைத்துத்தான். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பட்டிமன்றம், எப்போதாவது ஒரு ஆர்க்கெஸ்ட்ரா. ஸ்டேடியம் நிகழ்ச்சி செய்பவர்களின் கணக்கு வேறு.

முதலில், தேவையா?

டிஜிட்டல் மிக்சர் வைத்திருந்தால் கடைக்குக் கிளம்பும் முன் அதன் மெனுவைத் திறந்து பாருங்கள். பெரிங்கர் எக்ஸ்ஆர் 18, சவுண்ட்கிராஃப்ட் யூஐ 16 போன்றவற்றில் மெயினுக்கும் (கூட்டத்துக்குக் கேட்கும் பாக்ஸ்) மானிட்டர் லைன்களுக்கும் (மேடையில் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்கும் பாக்ஸ்) 31 பேண்ட் கிராபிக் உள்ளேயே இருக்கிறது. பெரிங்கரின் எக்ஸ்32-இலும் உண்டு; அங்கே அது எஃபெக்ட் ஸ்லாட் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இவற்றுக்கு மேல் ஒரு ரேக் மெஷின் வாங்கி வைப்பது பார்ப்பதற்கு அழகு, வேறு பயன் குறைவு. டேப்லெட்டில் விரலால் தேய்த்து ஸ்லைடரைப் பிடிப்பது சிலருக்குக் கைவராது, வைஃபை நடுவில் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். அந்தக் காரணத்துக்காக வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அனலாக் மிக்சர், தனி ஆம்ப், பாசிவ் பாக்ஸ் (உள்ளே ஆம்ப் இல்லாதது) என்று ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது நிஜமாகவே தேவை. நம் பக்கத்தில் இன்னும் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

31-ஆ, 15-ஆ?

நேரடியாகச் சொல்கிறேன்: மைக் வேலைக்கு 31. காரணம் கணக்கில் இருக்கிறது. 31 பேண்டில் ஒவ்வொரு ஸ்லைடரும் ஆக்டேவில் (ஹெர்ட்ஸ் எண் இரண்டு மடங்காகும் தூரம், ஒரு ஸ்தாயி) மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடரை எடுத்துக்கொண்டால், அதன் எல்லை சுமார் 890 ஹெர்ட்ஸில் தொடங்கி 1,120 ஹெர்ட்ஸ் வரை. 15 பேண்டில் அதே ஸ்லைடர் ஆக்டேவில் மூன்றில் இரண்டு பங்கு. சுமார் 790-இலிருந்து 1,260 வரை இழுத்துக்கொண்டு போகும். ஹவுலிங், அதாவது அந்த மைக் விசில், ஊசிமுனை மாதிரி ஒரே ஒரு சுருதியில் வருவது. அதை அடக்க 15 பேண்டில் கீழே இழுத்தால் பக்கத்தில் இருக்கும் குரலையும் சேர்த்து வெட்டுகிறீர்கள்.

அதைவிட மோசம், விசில் இரண்டு ஸ்லைடருக்கு நடுவில் விழுவது. 15 பேண்டில் 1.6-க்கு அடுத்தது 2.5 கிலோஹெர்ட்ஸ். 2 கிலோஹெர்ட்ஸில் மைக் கத்தினால் இரண்டையும் இறக்க வேண்டும். இறக்கியதும் விசில் நிற்கும், பேச்சின் தெளிவும் கூடவே போய்விடும். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கு ஏதோ சத்தம் மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது. 31 பேண்டில் 2 கிலோஹெர்ட்ஸுக்கென்று தனி ஸ்லைடர் இருக்கிறது.

15 பேண்ட் வீணா என்றால் இல்லை. பேஸ் பெட்டியும் (பேஸ் பின்) டாப் பெட்டியும் வைத்துப் பாட்டு மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு, மண்டபத்தின் பூம்பூம் சத்தத்தைக் கொஞ்சம் இறக்க அது போதும். ஒரு யூ (ரேக்கின் உயர அளவு, ஒன்றே முக்கால் இஞ்ச்) உயரத்தில் இரண்டு சேனல் அடங்கிவிடும். டிபிஎக்ஸ் 215எஸ், பெரிங்கர் எஃப்பிகியூ 1502 எல்லாம் அந்த வகை. 10 பேண்ட் மெஷின் வீட்டு ஸ்டீரியோவுக்கு.

31 பேண்டில் இன்னொரு வசதியும் உண்டு. எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் எண்கள் ஒன்றுதான்: 20, 25, 31.5, 40 என்று தொடங்கி 12.5, 16, 20 கிலோஹெர்ட்ஸ் வரை. எல்லாம் ஐஎஸ்ஓ தரத்தின்படி. ஒரு மெஷினில் கை பழகினால் வாடகைக்கு எடுத்த இன்னொரு மெஷினிலும் கை தானாகப் போகும். சில பழைய மெஷின்கள் ஓரத்தில் கொஞ்சம் மாறும்; கிளார்க் டெக்னிக்கின் டிஎன் 360-இல் ஒரு சேனலுக்கு 30 பேண்ட்தான், 25 ஹெர்ட்ஸில் தொடங்கும். அதனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 20 ஹெர்ட்ஸில் சத்தம் போடும் பாக்ஸ் நம்மிடம் எங்கே இருக்கிறது?

இரண்டு சேனலை எப்படிப் பங்கு போடுவது

கடைக்காரர் "ஸ்டீரியோ ஈக்யூ" என்பார். லெஃப்ட்டுக்கு ஒன்று, ரைட்டுக்கு ஒன்று. நம் வேலைக்கு இது தேவையே இல்லை. திருவிழாவில் தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டுகிறோம், மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் உட்காருகிறார்கள். லெஃப்ட்டில் ஒரு வாத்தியம், ரைட்டில் ஒரு வாத்தியம் என்று பிரித்தால் பாதிப்பேருக்குப் பாதிக் கச்சேரிதான் கிடைக்கும். ஆகவே மெயினை மோனோவில் ஓட்டி, அதற்கு ஒரு சேனலைக் கொடுங்கள். அடுத்த சேனலை மேடை மானிட்டருக்குக் கொடுங்கள்.

மானிட்டருக்கு ஈக்யூ போடாமல் இரண்டு சேனலையும் மெயினுக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. பாடகரின் காலடியில் ஒரு பாக்ஸ், அவர் கையில் மைக். ஹவுலிங்கின் பிறப்பிடமே அதுதான். பணம் ஒரு சேனலுக்குத்தான் இருக்கிறது என்றால் டிபிஎக்ஸ் 131எஸ் மாதிரி ஒற்றை 31 பேண்ட் வாங்கி, அதை முதலில் மானிட்டரில் போடுங்கள். பேச்சு மட்டும் நடக்கும், மானிட்டரே இல்லாத நிகழ்ச்சி என்றால் மெயினுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லைடர், கை, இருட்டு

இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஸ்லைடர் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். டிபிஎக்ஸ் 231எஸ் இரண்டு யூ உயரம், ஸ்லைடர் நீளம் 20 மில்லிமீட்டர். டிபிஎக்ஸ் 1231 மூன்று யூ, 45 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டரில் பிளஸ் மைனஸ் 12 டெசிபல் என்றால் மொத்தம் 24 டெசிபல். விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 1.2 டெசிபல் மாறும். வியர்த்த விரலுக்கு அது ரொம்பக் கூர்மை. 45 மில்லிமீட்டரில் பிளஸ் மைனஸ் 15 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு 0.7 டெசிபல்கூட வராது.

அதற்காக எல்லோரும் மூன்று யூ மெஷின் வாங்க வேண்டியதில்லை. ரேஞ்ச் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 231எஸ்ஸில் பிளஸ் மைனஸ் 6, பிளஸ் மைனஸ் 12 என்று மாற்றிக்கொள்ளலாம். 6-இல் வைத்தால் அதே குட்டி ஸ்லைடர் மில்லிமீட்டருக்கு 0.6 டெசிபல் என்று பெரிய ஸ்லைடருக்குச் சமமாகிவிடும். மெயினை 6-இல் வைத்து, மானிட்டரை மட்டும் 12-இல் வைப்பது என் வழக்கம். நிகழ்ச்சி நடுவே அந்த ஸ்விட்சைத் தொட்டுவிடாதீர்கள், எல்லா வெட்டும் ஒரே அடியில் இரண்டு மடங்காகும்.

நடுவில், அதாவது பூஜ்யத்தில், ஸ்லைடர் "டக்" என்று உட்கார வேண்டும். இருட்டில் பார்க்காமலே எது நேராக நிற்கிறது என்று விரலுக்குத் தெரியும். எண்கள் பெரிதாக, கறுப்பில் வெள்ளையாக இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் வெளிர்நீல எழுத்து போட்ட மெஷின்களைக் கடையின் டியூப்லைட்டில் பார்த்து மயங்காதீர்கள்.

பெரிங்கர் எஃப்பிகியூ 3102 மாதிரியானவற்றில் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் ஒரு குட்டி விளக்கு இருக்கும். எந்த பேண்ட் கத்துகிறதோ அதன் விளக்கு பளிச்சென்று எரியும். காது பழகாதவர்களுக்கு இது பெரிய உதவி, வாங்கலாம். ஆனால் அது காட்டுவது சத்தம் கூடுதலான பேண்டை. விசிலா வாத்தியமா என்பது அதற்குத் தெரியாது. நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் அதற்கும் விளக்கு எரியும். விளக்கை நம்பி அதை இறக்கினால் வித்துவான் மேடையிலிருந்து உங்களைப் பார்க்கும் பார்வையை மறக்க மாட்டீர்கள்.

பின்பக்கம், உள்பக்கம்

கான்ஸ்டன்ட் கியூ என்று போட்டிருந்தால், ஸ்லைடரை 3 இறக்கினாலும் 12 இறக்கினாலும் அது வெட்டும் அகலம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். 1980களின் தொடக்கத்தில் ரேன் போன்ற கம்பெனிகள் கொண்டுவந்த முறை. அதற்கு முந்தைய முறையில் கொஞ்சம் இறக்கினால் அகலமாக வெட்டும், ஆழமாக இறக்க இறக்கத்தான் ஒடுங்கும். பாட்டின் நிறத்தை மென்மையாக மாற்ற அது நன்றாகவே இருக்கும். மைக் வேலைக்கு கான்ஸ்டன்ட் கியூ நல்லது, ஏனென்றால் 3 டெசிபல் இறக்கும்போதே பக்கத்து பேண்டை அதிகம் தொடாது. இரண்டு மெஷின் சம விலையில் இருந்தால் இதைப் பார்த்து முடிவெடுங்கள். இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

லோகட் (அடிச் சத்தத்தை வெட்டும்) ஸ்விட்ச் கட்டாயம். 40 அல்லது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் வேலைக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. காற்று மைக்கில் மோதும் சத்தம், மரமேடையில் கால் வைக்கும் சத்தம், மைக் கீழே விழும் சத்தம், இவையெல்லாம்தான் அங்கே இருக்கும். எல்லாம் பேஸ் ஸ்பீக்கரைக் கிழிக்க வரும் விஷயங்கள்.

ஈக்யூவைத் தாண்டி சிக்னலை நேராக விடும் பைபாஸ் ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கரண்ட் போனால் மெஷின் சிக்னலை நேராக வெளியே விடுமா, அடைத்துவிடுமா? ரிலே பைபாஸ் உள்ளவற்றில் ஈக்யூவின் ஃபியூஸ் போனால்கூட மைக் ஓடிக்கொண்டே இருக்கும். ஈபி போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஏதாவது ஒன்று அடிவாங்குவது நமக்குப் புதிதல்ல. கடையிலேயே சோதித்துவிடலாம், பாட்டு ஓடும்போது பவர் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

இணைப்புக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக் கனெக்டர்) இருக்கட்டும். கூடவே கால் இஞ்ச் ஜாக்கும் இருந்தால் நல்லது. ஆர்சிஏ மட்டும் உள்ள மெஷினைத் தொட வேண்டாம். மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே நீளக் கேபிள் ஓடும் இடத்தில் அது ஹம்மை, அதாவது "ம்ம்" என்ற கரண்ட் இரைச்சலை, அள்ளிக்கொண்டு வரும். ஹம் வந்தால் பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் கெட்ட பழக்கம் நம் தொழிலில் உண்டு. செய்யாதீர்கள், மைக்கைப் பிடிப்பவருக்கு ஷாக் அடிக்கும், உயிரும் போகலாம். சிக்னல் கேபிளில் ஒரு முனையில் மட்டும் ஷீல்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

ரேக்கில் ஏற்றும்போது ஆம்பின் தலைமேல் நேராக உட்கார வைக்க வேண்டாம். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் ஹம் ஏறும், சூடும் ஏறும். நடுவில் ஒரு யூ காலியாக விடுங்கள். கோயிலிலோ சர்ச்சிலோ நிரந்தரமாக மாட்டிவிட்டு வரும் வேலை என்றால் ஸ்லைடருக்கு முன்னால் திருகாணி போட்ட மூடி ஒன்று போட்டுவிடுங்கள். நீங்கள் வீடு சேரும் முன் யாராவது எல்லா ஸ்லைடரையும் அழகாக "வி" வடிவத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

பணத்தை ஈக்யூவில் போடும் முன் இலவசமாகக் கிடைப்பது

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், குரல் மைக்கில் சுமார் 6 டெசிபல் கூடும். ஒரு சாண் தள்ளிப் பேசுகிறவரை அரைச் சாணுக்குக் கொண்டு வாருங்கள், நல்ல ஈக்யூ செய்யும் வேலையில் பெரும்பங்கு முடிந்தது. பேசாதவர் மைக்கை மூடிவையுங்கள். திறந்த மைக்கின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஹவுலிங் 3 டெசிபல் முன்னதாகவே வரும். பட்டிமன்றத்தில் எட்டு மைக்கையும் திறந்து வைத்தால், ஒரு மைக்கில் கிடைக்கும் சத்தத்தைவிட 9 டெசிபல் குறைவாகத்தான் ஏற்ற முடியும். ஒன்பது டெசிபலை எந்த ஈக்யூவும் சும்மா திருப்பித் தராது.

மானிட்டர் வைக்கும் இடமும் மைக்கைப் பொறுத்தது. ஷூர் எஸ்எம் 58 வகைக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். பாக்ஸை அங்கே வையுங்கள். பீட்டா 58ஏ மாதிரி சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும், பின்பக்கவாட்டில்தான் மந்தம். பாக்ஸை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

மண்டபத்தின் எதிரொலியை ஈக்யூ போக்காது. சுவரும் தகரக் கூரையும் செய்வதை ஸ்லைடர் என்ன செய்யும்? 200-இலிருந்து 315 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கினால் பேச்சின் கொழகொழப்பு குறையும், அவ்வளவே.

கடையிலும், பழைய சரக்கிலும்

மிக்சர், ஒரு ஜோடி கேபிள், ஹெட்போன், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். இவற்றோடு போங்கள். முதலில் எல்லா ஸ்லைடரும் பூஜ்யத்தில் இருக்க, பைபாஸைப் போட்டு எடுத்துப் பாருங்கள். சத்தமும் நிறமும் மாறக் கூடாது. அடுத்து பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்கள், "ஸ்ஸ்" என்ற இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். அப்புறம் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை விட்டு அந்த ஸ்லைடரை மேலும் கீழும் நகர்த்துங்கள். மிக்சரின் மீட்டரில் மாற்றம் நன்றாகத் தெரிய வேண்டும். 500-ஐயும் 2 கிலோஹெர்ட்ஸையும் நகர்த்தினால் அதே டோன் அதிகம் அசையக் கூடாது. டூப்ளிகேட் மெஷின்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். முகப்பில் 31 ஸ்லைடர் இருக்கும், உள்ளே அதற்குரிய சர்க்யூட் வேலை செய்யாது. பெயர் பெற்ற பிராண்டுகளின் பெயரிலேயே போலி ஏராளம். சென்னை ரிச்சி தெருவிலோ டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ வாங்கினாலும் அங்கீகரிக்கப்பட்ட டீலரா என்று கேளுங்கள்.

பழையது வாங்கினால் எல்லா ஸ்லைடரையும் ஒவ்வொன்றாக நகர்த்திக் கேளுங்கள். கரகரத்தால் பரவாயில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். ஓரிடத்தில் சத்தமே அற்றுப்போனால் ஸ்லைடர் தேய்ந்துவிட்டது, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் பின்னால் 115, 230 வோல்ட் ஸ்விட்ச் எதில் இருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். ஸ்விட்சே இல்லாமல் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மிக்சரிலிருந்து ஈக்யூ, ஈக்யூவிலிருந்து கிராஸ்ஓவர் (பேஸையும் டாப்பையும் பிரிப்பது), அங்கிருந்து ஆம்ப். மானிட்டருக்கு மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (மெயினைத் தொடாமல் தனியாக எடுக்கும் வழி) ஈக்யூவின் இரண்டாவது சேனல், அப்புறம் ஆம்ப். ஆள் வருவதற்கு முன், மைக்கையும் பாக்ஸையும் அவற்றின் இடத்தில் வைத்து, எல்லா ஸ்லைடரும் பூஜ்யத்தில் இருக்க, சத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதல் விசில் முனகத் தொடங்கும். எந்த எண் என்று கண்டுபிடிக்க நம் உயிரெழுத்தே போதும்: "ஊ" என்று முனகினால் 250 பக்கம், "ஓ" என்றால் 500, "ஆ" என்றால் 1 கிலோஹெர்ட்ஸ், "ஏ" என்றால் 2, "ஈ" என்றால் 4. தோராயம்தான், ஆனால் கையைச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அந்த ஸ்லைடரை 3 டெசிபல் இறக்குங்கள், மறுபடி ஏற்றுங்கள், அடுத்த விசிலைப் பிடியுங்கள். நான்கைந்து இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கத்தினால் கோளாறு மைக் வைத்த இடத்திலோ பாக்ஸ் வைத்த இடத்திலோ இருக்கிறது. எழுந்து போய் நகர்த்துங்கள்.

மேலே ஏற்றுவதை மட்டும் மறந்துவிடுங்கள். 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும். 12 ஏற்றினால் சுமார் 16 மடங்கு. 63 ஹெர்ட்ஸில் 100 வாட் போதும் என்றிருந்த இடத்தில் 1,600 வாட் கேட்பீர்கள். ஆம்பில் அது இருக்காது, தாங்கவில்லை என்று கிளிப் லைட் எரியும், ஸ்பீக்கரும் போகும்.

நிகழ்ச்சி சரியாக அமைந்த மண்டபத்தில் ஸ்லைடர் நிற்கும் நிலையைப் போனில் ஒரு படம் எடுத்து, மண்டபத்தின் பெயரைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அங்கேயே போகும்போது பாதி வேலை மிச்சம். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கியிருந்தால் அதையும் படம் எடுத்து அதே இடத்தில் போட்டுவிடுங்கள், வாரண்டிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.